கொய்யா மரம் வரைக்கும் சிக்னல்

பிளாஸ்டிக் காய்கிற வாசனை. எரிகிற வாசனை இல்லை. எரியலாமா வேண்டாமா என்று ஒரு பொருள் யோசித்துக்கொண்டிருக்கும்போது வருகிற வாசனை. நான் குடியிருக்கிற வாடகை வீட்டில், புத்தக அலமாரிக்குப் பின்னால், வைஃபை பெட்டியின் அடாப்டர் வெயில் காலத்தில் இப்படித்தான் காய்கிறது. எழுந்து போவேன். போவதற்கு முன் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொள்வேன். கை காய்ந்துதான் இருக்கும். இருந்தாலும் துடைப்பேன். பிறகுதான் பிளக்கைத் தொடுவேன்.

ஐம்பதைத் தாண்டிவிட்டேன். எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை, எதிலும் நிலைத்து உட்காராத உடம்பு இது. அந்த வாசனை வந்தால் மட்டும் உட்கார்ந்துவிடுகிறது. ஆரணியில் அண்ணன் வீட்டு முன்னறையில் முதன்முதலாக ஒரு வைஃபை பெட்டி பச்சைப் புள்ளிகளாகச் சிமிட்டிக்கொண்டிருந்த மாதங்கள், கூப்பிடாமலே வந்து என் எதிரில் உட்காருகின்றன. அவற்றுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

அப்போது வேலூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணி போன் செய்தார்.

"தம்பி, இந்த வாரம் வர்றீங்களா? உங்க அண்ணன் இன்டர்நெட்ட தோட்டத்துக்கு இட்டுகினு போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"தோட்டத்துல இன்னா அண்ணி இன்டர்நெட் வேலை அவருக்கு?"

"நேர்ல வாங்க, சொல்றேன்."

பின்னால் லாரி ஹாரன் கேட்டது. கடைத்தெரு பூத்திலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. வீட்டில் போன் இருந்தது. வெளியூருக்குப் பேசுவதென்றால் அண்ணி எப்போதும் பூத்துக்குத்தான் போவார். பழகிவிட்டது, எங்கள் எல்லோருக்கும்.

கண்ணமங்கலத்தில் பஸ் டிரைவர் டீ குடிக்கக் கால்மணி நேரம் நிறுத்தினார். ஆரணியில் இறங்கியபோது அண்ணி தெருமுனையிலேயே நின்றிருந்தார், கையில் பேருக்கு ஒரு காய்கறிப் பையோடு. வீட்டுக்குள் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அவருக்கு எப்போதும் ஒரு பை தேவைப்பட்டது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருதாம். அவனும் அவன் ரூம் பசங்களும் சேந்து நடத்துறாங்களாம். ரேடியோவாம், ஆனா ரேடியோவுல வராதாம், கம்ப்யூட்டர்லதான் வருமாம். பாட்டு போட்டுட்டு நடுவுல நடுவுல இவன் பேசுறானாம்."

அவன் என்பது அண்ணன் அண்ணியின் மகன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை.

"அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். மூணு வாரம் ஒண்ணும் பேசல. போன திங்கக்கெழமை சோறு துன்னுகினே கேக்குறாரு, 'தோட்டத்துல கூரை இல்ல இல்ல?'ன்னு."

அந்த ஒரு கேள்வியை விளங்கவைக்க நான் பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

*

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வீடு இப்படி இருந்தது: முன்னறை, அடுத்து இரண்டு தறி போட்ட கூடம், அடுத்து அடுப்படி, அதைத் தாண்டி முற்றத்தில் துணி துவைக்கிற கல், கல்லுக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை. அதற்கும் அப்பால் தோட்டம். தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை. பின்சந்து வரைக்கும் நீளமாகக் கிடக்கிற ஒரு மண்பட்டை. ஒரு வேம்பு, ஒரு கொய்யா. அந்த நீளம் பாவு நீட்டுவதற்கு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் இழுத்துக் கட்டுவதற்கு. விடிந்ததும் பட்டுப் பாவு இழைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவோம். அண்ணன், அண்ணி, நான், பதினாறு வயதில் அண்ணன் மகன், பள்ளிக்கூடம் போகும் வரை அவன் தங்கை. அவளுக்குப் பதினொன்று. விரல் சின்னது. எங்களுக்கு அகப்படாத இழை அவளுக்கு அகப்படும்.

அந்த வேலைக்குப் பாட்டு வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் கண் மட்டும் வேலை செய்யும், கை தூங்கிவிடும். அண்ணனிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. நாலு பேட்டரி போட்டால் ஒரு வாரம். அதற்குப் பிறகு பாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் முனக ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே அண்ணன் மகன் அடுப்படி பிளக்கிலிருந்து தோட்டத்துக்குக் கரண்ட் வயர் இழுத்தான். வயர் எட்டவில்லை. பழைய வயர் ஒன்றை எடுத்துச் சேர்த்து முறுக்கினான். முறுக்கின இடத்தில் பட்டு நூலைச் சுற்றிக் கட்டினான்.

எங்கள் வீட்டில் டேப் ஒட்டுகிற வழக்கம் கிடையாது. இஸ்திரிப் பெட்டி வயர், மிக்ஸி வயர், தறிக்கு மேலே தொங்குகிற விளக்கு வயர், எது பிய்ந்தாலும் பட்டுதான். அண்ணன் தன் கையால் சுற்றிக் காட்டிக் கற்றுக்கொடுத்தது. "பட்டு கரண்ட்ட உடாதுடா. ரப்பரு வெயில்ல வெடிக்கும், பட்டு வெடிக்காது" என்பார். காய்ந்த பட்டு உண்மையிலேயே விடாது. அதனால்தான் அத்தனை வருடம் எங்கள் மேல் ஒன்றும் பாயவில்லை. தறிக்கு அடியில் கழிவு நூல் போடுகிற கூடை இருக்கும். எல்லா வயருக்கும் நூல் அதிலிருந்துதான் வரும்.

ஒருநாள், ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. காலையில் வெயில் நன்றாக அடித்தது. பாவு நீட்டியாயிற்று. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் வயர் கிடப்பதைப் பார்த்து, அவள் போய் அதைத் தூக்கி மேலே வைக்கப் பார்த்தாள். செருப்பில்லாத கால். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பொறுப்பான பிள்ளை.

பாட்டு நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அண்ணன் மகன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குகிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை உயிரில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து கிடத்திய பிறகு லைன்மேன் வந்தார். அந்தக் கட்டைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பட்டு சரி. இது இன்னாது, மினுக்குது?" என்றார். ஈர நூலுக்கு நடுவில் மூன்று நாலு ஜரிகை இழைகள். வெள்ளிக் கம்பி. கூடையில் கலந்து கிடந்தது. "யாரு கட்டினது இத்த?"

"நாந்தான்" என்றான் அண்ணன் மகன்.

அண்ணன் கையை நீட்டி லைன்மேனிடமிருந்து அந்த நூலை வாங்கினார். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கட்டக் கற்றுக்கொடுத்தது தான் என்று சொல்லவில்லை. ஜரிகையைக் கழிவில் போட்டது தான் என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். நானும் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டாக மடிந்துபோயிருந்த ஒரு மனிதன் மேல் இன்னொரு பாரத்தை வைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்குப் பேர் வைப்பதா கஷ்டம்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் தறியில் உட்கார்ந்தார். தறியில் உட்கார்ந்தால் வயிற்றுக்கு நேராக ஓர் உருளைக் கட்டை இருக்கும், நெய்ய நெய்யச் சேலை அதில் சுற்றிக்கொள்ளும். படமரம் என்போம். அதைத் தொட்டுச் சொன்னதை மீறினால் அந்தத் தறியில் நெய்து முடித்துச் சேலை அறுத்தெடுக்க முடியாது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதன்மேல் கை வைத்துத்தான் அண்ணன் சொன்னார்:

"இந்தக் கூரைக்குக் கீழ அவன் குரல் இனிமே கேக்கக் கூடாது. கேட்டா இந்தத் தறி ஓட வேணாம்."

வாசலில் நின்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கே செய்யாரில் தாய்மாமன் வீட்டுக்குப் போனான். அங்கே கம்பெனி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போய், அப்புறம் கடல் தாண்டிப் போனான். அண்ணி பூத்துக்குப் போகத் தொடங்கினார். அண்ணனுக்குத் தெரியும். அவர் தடுத்ததில்லை. பூத்து வேறு கூரை.

*

தோட்டத்துக்கோ கூரையே இல்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் சேலைக்கடைக்காரர்கள் பார்டர் டிசைனை மெயிலில் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதற்காகத்தான் அண்ணன் ஒரு பழைய லேப்டாப்பும் டெலிபோன் லைனில் இன்டர்நெட்டும் வாங்கியிருந்தார். வைஃபை பெட்டி முன்னறையில், போன் பக்கத்தில். நான் லேப்டாப்பை விரித்துக் கையில் ஏந்திக்கொண்டு, ஆரத்தித் தட்டு எடுத்துப் போகிறவனைப் போல ஒவ்வோர் அறையாக நடந்தேன். முன்னறையில் சிக்னல் ஐந்து கோடு. தறிக்கூடத்தில் மூன்று. அடுப்படி வாசலில் ஒன்று. முற்றத்தில் கால் வைத்ததும் ஒன்றும் இல்லை. இரண்டடி அகல மண்சுவர்கள். அந்தக் காலத்தில் வெயிலைத் தடுக்கக் கட்டியவை எதையும் உள்ளே விடவும் மாட்டா, வெளியே விடவும் மாட்டா.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "ரொம்ப சிம்பிள்ணே. நூறடி கேபிள் உட்டா முடிஞ்சிது. ஜல்தியா மாட்டிட்டுப் போயிடறேன்."

"வயர் வேணாம்" என்றார் அண்ணன்.

"இதுல கரண்ட்டே வராதுண்ணே. வெறும் டேட்டா."

"வயர் வேணாம்னேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன். அண்ணி எழுந்து அடுப்படிக்குள் போனார்.

"அப்போ ரிப்பீட்டர்னு ஒரு பொட்டி கீது. இங்கேந்து சிக்னல வாங்கி அந்தாண்ட தூக்கிப் போடும். மெட்ராஸ்லேந்து வரணும், பத்துப் பதினஞ்சி நாளு ஆவும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அண்ணனுக்குப் பொறுமை இல்லை. பன்னிரண்டு வருடம் பொறுத்தவருக்குப் பதினைந்து நாள் பொறுக்க முடியவில்லை. முன்னறையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, வாசல் வாசலாகத் தோட்டம் வரைக்கும் பார்த்தார். பாவு நேராக நீண்டிருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே பார்வை.

"வளைஞ்சி போவாதுடா இது. பாவு மாதிரி. நேரா உட்டாத்தான் நிக்கும். அந்த பீரோ குறுக்க நிக்குது பாரு."

பட்டும் ஜரிகையும் வைத்துப் பூட்டுகிற இரும்பு பீரோ. கல்யாணத்தின்போது வந்தது, அதற்குப் பிறகு நகராதது. நானும் அவரும் தூக்கினோம். தரையில் நாலு கால்தடம் பள்ளமாக இருந்தது.

"ஒரு ஆணி அடிங்கன்னா இருவது வருசமா கை வராது. இப்ப பீரோவத் தூக்குறாரு பாரு, பயில்வான்" என்றார் அண்ணி.

"ஏம்மா, இடுப்பு புடிச்சிக்கிச்சின்னா நீதான் தேய்க்கணும். பேசாம கதவ முட்டுக் குடு."

அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சிரிப்பு ஒரு வீட்டுக்குத் திரும்பி வருவதும், வழி தவறி வந்திருப்பதும், முதலில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெட்டியைத் தறிக்கூடத்துக்கு மாற்றினோம். போன் வயரை வீட்டுக்குள் நீட்ட அண்ணன் சம்மதித்தார். கறுப்பு டேப் வாங்கிவந்து, மூட்டில் மூன்று சுற்று சுற்றினார். எல்லாக் கதவுகளையும் செங்கல் வைத்துத் திறந்து நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை நாலு மணி. துவைக்கிற கல்லின் மேல் லேப்டாப்பை வைத்தேன். ஒரு கோடு. வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது. பிறகு, நம்ப முடியவில்லை, பாட்டு வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

அண்ணன் தோட்டத்தில், வெயிலில் நின்றிருந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் இரண்டு அடி நகர்த்தினேன். பாட்டு நின்றது. மறுபடியும் கல்லில் வைத்தேன். வந்தது.

"இங்க வந்து நின்னு கேளுங்களேன்" என்றார் அண்ணி.

அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தகரம் இருக்குது."

"அது கொட்டா. கூரையா அது?"

"மழ பேஞ்சா நனைவியா அதுக்குக் கீழ?"

பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது. கடைசி வாத்தியம் இழுத்து ஓய்ந்தது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் மூச்சை இழுக்கிற சத்தம் வந்தது. பேச ஆரம்பிக்கப் போகிற ஒருவரின் மூச்சு. அண்ணன் இரண்டே எட்டில் வந்து லேப்டாப்பை மூடினார். மூடினதின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

அண்ணி கல்லின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

*

ரிப்பீட்டர் வந்தது. சோப்புப் பெட்டி அளவு, ஒரு கொம்பு. அடுப்படி ஜன்னலில் வைத்தோம். லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நடந்தேன். கல், தகரத்தின் நிழல், வேம்பு. கொய்யா மரத்தடியில் இரண்டு கோடு நின்றது. அதைத் தாண்டினால் மறுபடியும் ஒன்றும் இல்லை. கொய்யாவுக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டார் அண்ணன்.

அந்த மாதம் எங்கள் தெருவுக்கு இரண்டிலிருந்து நாலு வரைக்கும் மின்வெட்டு. நாலு அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்க இன்னும் ஐந்து நிமிடம். கட்டிலில் அண்ணன், தரையில் அண்ணி, நான் மரத்தில் சாய்ந்து. ஒரு பாட்டு பாதியிலிருந்து வந்தது. முடிந்தது. ஒரு குரல், கனமான, கொஞ்சம் கரகரப்பான, முப்பதை நெருங்குகிற ஓர் ஆளின் குரல், அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றிப் பேசியது. பஸ் ஏசியிலிருந்து தலையில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றி. கூட இருந்த யாரோ ஏதோ கிண்டல் செய்தார்.

"யாரு இது?" என்றார் அண்ணன்.

"உங்க புள்ளதான்."

"இல்ல. அவன் குரல் இப்பிடி இல்ல."

"வளந்துட்டான். குரலும் வளராதா?"

அண்ணன் காதை லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் துரத்தியபோது அந்தக் குரல் உடைந்துகொண்டிருந்தது, பாதி பையன் பாதி ஆள். உடைந்து முடித்து என்னவாயிற்று என்று அவருக்குத் தெரியாது. அப்போது அந்தக் குரல் சிரித்தது, எதற்கோ, வாய்விட்டு.

"சிரிக்கிறான்" என்றார் அண்ணன். சந்தோஷமா, புகாரா? இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். நாலு மணிக்குத் தறி நிற்கும். கதவுகள் திறக்கும். நான் ஞாயிறு வருவதை விட்டுவிட்டு வெள்ளி வர ஆரம்பித்தேன். அச்சகத்தில் முறைத்தார்கள். அண்ணன் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டு முடிவதற்காகக் காத்திருந்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ வாரம், திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஊர்ந்து போவதைக் காட்டி இது என்ன என்றார். கேட்கிறவர்கள் எழுதுவது, அவர்கள் அங்கே படிப்பார்கள் என்றேன்.

"நான் சொன்னா எழுதுவியா?"

"சொல்லுண்ணா."

அவர் கட்டிலின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டு கட்டச் சொல்லிக் குடுத்தவன் நான். ஜரிகை கலந்தது என் கூடை. உன் மேல தப்பு இல்ல. எழுது."

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். "அப்பான்னு போடவா?"

"வேணாம். ஆரணின்னு போடு. போதும்."

அனுப்பினேன். நிமிர்ந்தபோது அண்ணி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜரிகையா?" என்றார். "எந்த ஜரிகை?"

அவருக்குத் தெரியாது. லைன்மேன் வந்தபோது அவர் உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பையன் கட்டின கட்டு சரியில்லை என்று நம்பித்தான் அத்தனை வருடம் பூத்துக்குப் போய்ப் பேசினார். மன்னித்து மன்னித்துப் பேசினார். அண்ணன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், லைன்மேன் உள்ளங்கையில் மினுக்கியதை, பாக்கெட்டில் போனதை.

அண்ணி அண்ணனைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் தெரியுமா?"

தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அண்ணி என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

லேப்டாப்பில் பாட்டு முடிந்திருந்தது. குரல் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும், அந்த ஊர் மின்விசிறி, வெகுநேரம். அப்புறம் வேறு ஒருவர் வந்து சின்ன தடங்கல் என்று சொல்லி அடுத்த பாட்டைப் போட்டார். மறு வெள்ளி அந்த வேறு ஒருவர்தான் பேசினார். அதற்கு மறு வெள்ளியும். அண்ணன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஆள் போட்ட பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் அவன் வந்தான். தெருவாசல் வழியாக வரவில்லை. பின்சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, நேராகக் கொய்யா மரத்தடிக்கு வந்தான். நான் அன்று அங்கே இருந்தேன். இருந்திருக்க வேண்டாம்.

அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்தார். அப்பாவை விட மகன் உயரமாக இருந்தான்.

"படிச்சேன்" என்றான். "யாரு எழுதினது?"

"நான் சொன்னேன். உன் சித்தப்பன் எழுதினான்."

"அப்போ நீங்க எழுதல. வாயால சொல்லுங்க. அதுக்குத்தான் லீவு போட்டுகினு வந்தேன்."

அண்ணி ஓடிவந்து முற்றத்திலேயே நின்றுவிட்டார். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன், பட்டால கட்டுன்னு" என்றார் அண்ணன். "ஜரிகைய அந்தக் கூடையில போட்டதும் நாந்தான். லைன்மேன் கேட்டப்போ நீ நாந்தான்னே. நான் பேசாம இருந்தேன்."

"பாக்கெட்ல போட்டீங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தேன்பா. அன்னைக்கே பாத்தேன். அன்னைக்கு ராத்திரி சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் காரியம் முடிஞ்சி சொல்லுவீங்கன்னு இருந்தேன். தறி மேல கை வச்சப்போ கூட, இப்போ சொல்லப் போறாருன்னுதான் வாசல்ல நின்னுகினு இருந்தேன்."

தூறல் மறுபடியும் பிடித்தது. "உள்ள வாடா கண்ணு, நனையிற" என்றார் அண்ணி.

"உள்ள வா" என்றார் அண்ணனும். "நான் சொன்னதுதானே. தறி ஓடலன்னா ஓடாம போவட்டும்."

அவன் அந்த வீட்டை, திறந்து கிடந்த கதவுகள் வழியாகத் தெருவரைக்கும் பார்த்தான். "வேணாம்பா. பழக்கம் உட்டுப்போச்சி."

அண்ணி தட்டில் இட்லி கொண்டுவந்தார். நின்றபடியே, தூறலில், இரண்டு சாப்பிட்டான். சட்னியில் மழை விழுந்தது. இன்னொன்று வைக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினான். கொஞ்சநேரம் அந்தக் கையை விடவில்லை. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சித்தப்பா" என்றான். நான் இருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அண்ணன் அவன் பின்னாலேயே சந்துக் கதவு வரைக்கும் நடந்தார்.

"வெள்ளிக்கிழமை இனிமே நீ பேச மாட்டியா?"

"இல்லப்பா. என்னைக்காவது நீங்க கேப்பீங்கன்னுதான் பேசினேன். கேட்டுட்டீங்க."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிற யாரும், கடைக்குப் போகிறவர்கள்கூட, போய் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

"போறேம்பா" என்றான் அவன்.

"பாத்துப் போ" என்றார் அண்ணன். "வழியெல்லாம் ஈரமா இருக்குது."